மேண்டில் பட்டறை இருந்த இடத்தை இடிக்கப் போகிறோம், மண்ணில் கதிரியக்கம் இருக்குமா?

ஓட்டேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓட்டேரி பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஒன்றரை கிரவுண்டு இடம். முன்னால் ஓட்டு வீடு, பின்னால் நீளமாக ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அவர் காலமான பிறகு இடம் அப்பா, அத்தை, சித்தப்பா மூன்று பேருக்கும் வந்தது. ஒரு பில்டரோடு ஜாயிண்ட் வென்ச்சர் பேசி முடித்தாயிற்று. ஆடி போனதும் இடிப்பதாக ஏற்பாடு.

அந்த ஷெட்டில் அறுபதுகளிலிருந்து எண்பதுகளின் நடு வரைக்கும் மேண்டில், அதாவது பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் மாட்டுகிற வெள்ளைத் துணி உறை, செய்தார்கள். செய்தது பெரியப்பா இல்லை, வாடகைக்கு இருந்தவர். இன்றைக்கும் "மேண்டில் கம்பெனி வீடு" என்றால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். ஷெட்டைக் காலி செய்யப் போனபோது பரண்மேல் இரண்டு தகர டின் கிடைத்தது. ஒன்றில் வெள்ளையாகக் கட்டிதட்டிப்போன பவுடர். பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய, காகித உறை பிரிக்காத மேண்டில்கள். அத்தை பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், ஆன்லைனில் வாங்கிய, கதிரியக்கம் அளக்கிற கைகர் கௌண்டர் ஒன்று வைத்திருக்கிறான். வாசலில் மணிக்கு 0.11 மைக்ரோ சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) காட்டியது, டின் பக்கத்தில் கொண்டுபோனதும் விறுவிறுவென ஏறி 6-ஐத் தாண்டிவிட்டது. எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டோம். அதைவிட எனக்குக் கலக்கமாக இருப்பது வேறு: ஷெட்டின் வடக்கு மூலையில், டின்னே இல்லாத இடத்தில், தரையோடு வைத்தால் 0.7 காட்டுகிறது.

சித்தப்பா சொல்வது, "வெளியே மூச்சு விடாதீங்க, இடிக்கிற ரப்பீஷோட சேர்த்து லாரியில ஏத்தி கொடுங்கையூர் குப்பைமேட்டுல கொட்டிட்டா முடிஞ்சுது." அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைமிளகாய்:

இதுக்கெல்லாம் ஒரு இழையா? நம்ம தாத்தா கல்யாண ஊர்வலம், அம்மன் தேர், தெருக்கூத்து எல்லாமே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான் நடந்தது. விளக்கைத் தலையில் சுமந்தவர்கள் எல்லாம் செத்தா போனார்கள்? அதுவும் பட்டறை மூடி நாற்பது வருஷம் ஆகிறது, வீரியம் எப்போதோ போயிருக்கும். கௌண்டரை மூடி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சித்தப்பா பிழைக்கத் தெரிந்தவர்.

கல்பாக்கம் ரிட்டயர்டு:

பச்சைமிளகாய் சார், பாதி சரி சொன்னீர்கள், பாதி தலைகீழாகச் சொல்லிவிட்டீர்கள்.

முதலில் அது என்ன பவுடர் என்று பார்ப்போம். டின்னைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மேண்டில் பட்டறை, வெள்ளைப் பவுடர், ஈரம் குடித்துக் கட்டிதட்டியது என்றால் எனக்குத் தோன்றுவது தோரியம் நைட்ரேட். மேண்டில் என்பது பின்னல் துணி உறை. அதைத் தோரியம் நைட்ரேட், கொஞ்சம் சீரியம் கலந்த கரைசலில் தோய்த்துக் காயவைப்பார்கள். முதல் தடவை பற்றவைக்கும்போது துணி எரிந்துபோய் ஆக்சைடு கூடு மட்டும் நிற்கும், வெளிச்சம் தருவது அந்தக் கூடுதான். 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்ற கணக்கைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவெர் ஃபான் வெல்ஸ்பாக். மூலப்பொருள் நம்ம ஊர் சரக்கு, மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட். 1909-லேயே ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுகொண்டு மேண்டிலுக்காகத்தான் அள்ளினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1955-இல் டிராம்பேயில் தோரியம் ஆலை வந்தது, இந்தியன் ரேர் எர்த்ஸ் நடத்தியது. நாட்டு மேண்டில் பட்டறைகளுக்குத் தோரியம் நைட்ரேட் கொடுத்தது அவர்கள்தான்.

இப்போது "நாற்பது வருஷத்தில் வீரியம் போயிருக்கும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். தோரியம்-232-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து குறைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு. நாற்பது வருஷம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆலையில் தோரியத்தைச் சுத்தம் செய்யும்போது அதன் வாரிசுகளில் (தோரியம் சிதையச் சிதையப் பிறக்கும் தனிமங்களில்) ரேடியம்-228 தனியாகப் பிரிந்து போய்விடும், அதனால் புதுச் சரக்கு கொஞ்ச காலத்துக்கு அடங்கி இருக்கும். பிறகு அந்த ரேடியம் திரும்ப உள்ளேயே முளைக்கும், அதன் அரை ஆயுள் 5.75 ஆண்டு. முப்பது, நாற்பது வருஷத்தில் முழுக் குடும்பமும் கூடிவிடும். சுவரையும் ஊடுருவிப் போகிற காமா கதிர் பெரும்பாலும் இந்த வாரிசுகளிடமிருந்துதான் வருகிறது. ஆக, உங்கள் டின் 1985-இல் இருந்ததைவிட இன்றைக்குச் சூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைப் படித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகவும் வேண்டாம். வடக்கு மூலையில் 0.7, வாசலில் 0.11. வித்தியாசம் சுமார் 0.6. ஒருவர் வருஷம் முழுக்க, இரவும் பகலும் அந்த மூலையில் பாய் விரித்துப் படுத்தே கிடந்தால் 5 மில்லி சீவர்ட் சொச்சம் வரும் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி). பொதுமக்களுக்கு இயற்கை அளவுக்கு மேல் வருஷத்துக்கு 1 மில்லி சீவர்ட் என்பது வரம்பு. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சே வருஷத்துக்கு இரண்டு, மூன்று மில்லி சீவர்ட் இருக்கும். எனவே அந்த மூலையில் படுக்கையறை கட்டக் கூடாது, ஆனால் டின்னை இறக்கியதால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பயப்பட வேண்டியது தூசிக்கு. தோரியம் தோலுக்கு வெளியே இருக்கும்வரை சாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலும் எலும்பிலும் போய் உட்கார்ந்துகொண்டு கிளம்பவே கிளம்பாது. அதனால் அந்த ஷெட்டில் யாரும் துடைப்பம் போடாதீர்கள், டின்னைத் திறக்காதீர்கள், பரண் இருக்கிற பக்கம் ஃபேன் போடாதீர்கள். சித்தப்பாவின் லாரி யோசனையில் கோளாறே இதுதான். இருந்த இடத்தில் சும்மா இருக்கிற பவுடரை ஜேசிபி வைத்து இடித்து, தூசி கிளப்பி, ஓட்டேரியிலிருந்து கொடுங்கையூர் வரை தெருத் தெருவாகத் தூவிக்கொண்டு போவது.

ஓட்டேரிக்காரன்:

சார், ரொம்ப நன்றி. டின்னைத் தொடவில்லை, ஷெட்டைப் பூட்டிச் சாவியை அப்பா வைத்துக்கொண்டார். சித்தப்பாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். "அவர் கவர்ன்மெண்ட்ல இருந்தவரு, அப்படித்தான் சொல்வாரு" என்கிறார்.

காயலான்கடை:

எங்களுக்குப் புதுப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இரும்பு வியாபாரம். சித்தப்பாவிடம் மாயாபுரி கதையைச் சொல்லுங்கள் தம்பி. 2010, டெல்லி. ஒரு பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில் 1968-இல் வாங்கிய காமா கருவி, 1985-க்குப் பிறகு யாரும் தொடவில்லை, அதைப் பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் விட்டார்கள். கடையில் பிரித்திருக்கிறார்கள், உள்ளே கோபால்ட்-60. ஒருத்தர் செத்தே போனார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், ஒருத்தர் பளபளப்பாக இருந்த ஒரு துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டே திரிந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கடையில் யாரும் ஈயம் சுற்றிய எதையும் தொடவில்லை. உங்களுடையது அவ்வளவு கடுமையான சரக்கு இல்லை என்று சார் சொல்கிறார், சரி. ஆனால் ஏலம் விட்டவர் சொல்லாததால்தானே எங்கள் ஆள் பிரித்தான்? ரப்பீஷ் லாரியில் வருகிற தகர டின்னை எடுத்துத் தட்டிப் பார்த்து, உள்ளே இருப்பதைக் கீழே கொட்டிவிட்டுத் தகரத்தை மட்டும் எடைக்குப் போடுவது எங்கள் பிழைப்பு. கொட்டப்போவது யார் என்று சித்தப்பாவையே யோசிக்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே அக்கா:

நான் மருத்துவ இயற்பியல் ஆள், கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் வேலை. அளக்கிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான கலவரம் தப்பாக அளப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

உங்கள் தம்பி வைத்திருக்கிற மாதிரிக் கருவிகள் உள்ளே ஒரு கைகர் குழாய், வெளியே ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். சீசியம் அல்லது கோபால்ட் காமாவுக்கு அளவு பொருத்தியிருப்பார்கள். டின் பக்கத்தில் கொண்டுபோனால், ஒரு தகடே தடுத்துவிடக்கூடிய பீட்டா கதிரையும் சேர்த்து எண்ணிவிட்டு எல்லாவற்றையும் காமா என்று நினைத்து மைக்ரோ சீவர்ட்டாக மாற்றிக் காட்டும். ஆக அந்த 6 என்ற எண்ணை நம்ப வேண்டாம். நடுவில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை வைத்துத் திரும்பப் பார்த்தால் எண் சரேலென்று இறங்கும். மிச்சம் நிற்பதுதான் பெரும்பாலும் காமா. 0.7-க்கும் இதே சோதனை செய்யுங்கள்.

அளக்கும்போது: முதலில் தெருவில், எதிர்வீட்டு வாசலில், முன்பக்க ஓட்டு வீட்டில் என்று நாலைந்து இடத்தில் சாதாரண அளவு என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஷெட் தரையிலும் வெளியிலும் சாக்பீஸால் மீட்டருக்கு ஒரு கோடு போட்டுக் கட்டம் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கணுக்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று. திரையில் துள்ளுகிற எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள், பத்து நிமிஷம் வைத்துச் சராசரி எடுங்கள், கதிரியக்கம் தாறுமாறாகத்தான் வரும். கருவியைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி ஒட்டி, கருவியே வீடு வரைக்கும் எடுத்து வந்துவிடும். என்-95 மாஸ்க், பழைய செருப்பு, அதை வாசலிலேயே கழற்றி விடுவது. மண்ணை நீங்களாகச் சுரண்டி எடுக்காதீர்கள்.

அது தோரியம்தானா என்று உறுதி செய்ய கைகர் கௌண்டர் போதாது. ஆற்றலைப் பிரித்துக் காட்டும் சிண்டிலேஷன் கருவி வேண்டும். தோரிய வரிசையின் கடைசியில் வரும் தாலியம்-208, 2,614 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் தனியாக ஒரு கூம்பு காட்டும். சாதாரண மண்ணிலும் அது சிறிதாக இருக்கும், அதனால் வாசலில் எடுத்ததையும் மூலையில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைக்கு அடக்கமாகக் கருவிகள் வந்துவிட்டன, வாங்க வேண்டாம், வைத்திருப்பவர் யாராவது இங்கேயே இருப்பார்கள்.

சைட் இன்ஜினியர்:

அக்கா சொன்னதோடு ஒன்று: கிரானைட் தரை, பளபளப்பான டைல்ஸ், செங்கல், எண்ணூர் சாம்பல் கலந்த கல் எல்லாமே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 0.15, 0.2 என்று வந்தால் பதற வேண்டாம். 0.7 அந்த வகையில் சேராது.

பழைய வடசென்னை மனைகளில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. அங்கே கிணறு இருந்ததா? குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் அநேகமாக ஒவ்வொரு மனையிலும் கிணறு உண்டு. பின்னால் அதைத் தூர்த்துவிடுவார்கள், எதைப் போட்டுத் தூர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பட்டறை வைத்திருந்த மனையில் கிணறு தூர்த்தால் பட்டறைக் குப்பைதான் முதலில் உள்ளே போகும். நாங்கள் அஸ்திவாரத்துக்குப் பைல் (ஆழமான கான்கிரீட் தூண்) போடும்போது உறைக்கிணறு மாட்டி, உள்ளேயிருந்து பெயிண்ட் டப்பா, சாயச்சேறு, பல்லி மருந்து பாட்டில் எல்லாம் வந்திருக்கிறது. அப்புறம் அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் ஆணி கழற்றி இறக்கச் சொல்லுங்கள், அது தனி வில்லங்கம்.

மூர்மார்க்கெட்:

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பட்டறை என்றாலே தோரியம் என்று முடிவு கட்ட வேண்டாம். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் யுத்தகால மீட்டர், விமான டயல் எல்லாம் பார்த்திருக்கிறேன், இருட்டில் பச்சையாக மினுங்கும் ரேடியம் பெயிண்ட். மினுங்கல் செத்துப்போகும், ரேடியம் சாகாது, அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். உங்கள் பெரியப்பாவுக்கு அந்த மாதிரி சேர்க்கும் பழக்கம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

வியாசர்பாடி பொண்ணு:

இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மேண்டில் பட்டறை ஒன்றில் வேலை செய்தவர். உங்கள் பட்டறையா என்று தெரியவில்லை, ஆனால் வேலை ஒன்றுதானே. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பின்னின உறை சுருள் சுருளாக வரும், அதை அளவுக்கு வெட்டுவது ஒரு இடம். பீங்கான் தொட்டியில் மருந்துத் தண்ணி, அதில் முக்குவது இன்னொரு இடம். "மருந்து" என்றுதான் சொல்வார்களாம், தோரியம் என்ற பெயரே அம்மா இன்றைக்குத்தான் கேட்கிறார். முக்கினதை ரப்பர் உருளை நடுவில் விட்டுப் பிழிவார்கள், பிழிந்த தண்ணி கீழே தட்டில் விழும், அதைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவிடுவார்கள், மருந்து விலை அதிகம். பிறகு மரக்குச்சியில் மாட்டித் தாழ்வாரத்தில் காயவைப்பது. காய்ந்ததும் மேல்முனையில் சுருக்குநூல் கோத்து, முத்திரை குத்தி, பத்து பத்தாகக் கட்டுவது. விரல் நுனி காய்ந்து சொரசொரவென்று ஆகிவிடுமாம், சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவுவார்களாம். கையைக் கழுவுவது, தொட்டி கழுவுவது, தரை கழுவுவது எல்லாம் ஒரே சாக்கடைக்குத்தான் போகும். அதனால் அம்மா சொல்வது, "முக்குற எடம் எதுன்னு பாருங்க, அங்கேருந்து தண்ணி எப்படி ஓடுச்சுன்னு பாருங்க."

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு, நல்லாத்தான் இருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் பற்றி அவருக்குத் தகவல் இல்லை.

கல்பாக்கம் ரிட்டயர்டு:

அம்மாவுக்கு என் வணக்கம். நான் எழுதின அத்தனையையும்விட உபயோகமான பதிவு இது. ஓட்டேரிக்காரன் தம்பி, கௌண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் வேலை செய்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். தொட்டி எங்கே, பிழிகிற இடம் எங்கே, தாழ்வாரம் எங்கே, சாக்கடை எங்கே, குப்பை எங்கே. அது தெரிந்தால் மிச்சத்தை அளந்து சரிபார்ப்பது அரை நாள் வேலை.

காகிதமும் தேடுங்கள். 1962 அணுசக்திச் சட்டக் காலத்தில் தோரியம் இஷ்டத்துக்கு வாங்கக்கூடிய பொருள் இல்லை, அரசு கட்டுப்பாட்டுச் சரக்கு. எனவே வாங்கியவரிடம் ஏதாவது அனுமதிக் கடிதம், பில் இருந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், மாநகராட்சித் தொழில் உரிமம், பழைய கரண்டு அட்டை, எது கிடைத்தாலும் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பது தெரியும்.

நீதி கேட்போம்:

ஐயோ, ஊருக்கு நடுவில் அணுக்குப்பை! உடனே டிவிக்குச் சொல்லுங்கள், தெருவில் எத்தனை பேருக்குக் கேன்சர் என்று கணக்கெடுங்கள், அப்போதுதான் அரசாங்கம் அசையும்!!

எக்ஸ்ரே அக்கா:

தயவுசெய்து வேண்டாம். எந்தத் தெருவில் கேட்டாலும் நாலு வீட்டில் கேன்சர் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தோரியம் உடம்புக்கு என்ன செய்யும் என்பதை யாரும் மறைக்கவும் இல்லை. தோரோட்ராஸ்ட் என்று ஒரு எக்ஸ்ரே மருந்து, முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை நோயாளிகளுக்கு நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள், அதில் இருந்தது தோரியம் டை ஆக்சைடு. இருபது முப்பது வருஷம் கழித்துக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. அது கிராம் கணக்கில் உடம்புக்குள் போன விஷயம். மூடின ஷெட்டில் கிடக்கிற பவுடருக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு மூச்சு. அந்த மூச்சைத் தடுப்பதுதான் இப்போதைய வேலை. கேமராவோடு பத்துப் பேர் ஷெட்டுக்குள் நடந்தால் நடப்பது நேர் எதிர்.

ஓட்டேரிக்காரன்:

அப்டேட். எதிர்சாரியில் ஒரு பாட்டி இருக்கிறார், எங்கள் ஷெட்டிலேயே வேலை செய்தவர்! கையில் தடியோடு வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டார். வடக்கு மூலையில்தான் தொட்டி. சுவர் ஓரமாக ஒரு கால்வாய், இப்போது சிமெண்ட் பூசி மூடியிருக்கிறது. அது பின்பக்கம் கிணற்றடிக்குப் போகுமாம். சைட் இன்ஜினியர் சார் சொன்ன மாதிரியே கிணறு இருந்திருக்கிறது, பட்டறை மூடின வருஷம் தூர்த்திருக்கிறார்கள். எதை வைத்து என்று கேட்டேன். "உள்ள இருந்ததையெல்லாம் வச்சுத்தான்" என்றார்.

தம்பி கட்டம் போட்டு அளந்தான். அலுமினியத் தகடு வைத்ததும் டின் 6-லிருந்து 2-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. வடக்கு மூலை 0.7 அவ்வளவாக இறங்கவில்லை, அதாவது கதிர் சிமெண்டுக்கு அடியிலிருந்து வருகிறது என்று தம்பி சொல்கிறான், சரியா? மூடின கால்வாய் மேலேயே நூல் பிடித்த மாதிரி 0.5, 0.6. கிணறு இருந்த இடத்தில் ஒரு வட்டம், நடுவில் 0.9. மற்ற இடமெல்லாம், முன்வீடு உட்பட, 0.10-லிருந்து 0.14. இந்த இழையைப் பார்த்து ஒரு நண்பர் ஸ்பெக்ட்ரம் கருவியோடு வந்தார், கிணற்று மேல் அந்த 2,614 கூம்பு வாசலைவிடப் பல மடங்கு. பெரியப்பாவின் பெட்டியில் வாடகைச் சீட்டுப் புத்தகமும் கிடைத்தது.

கல்பாக்கம் ரிட்டயர்டு:

தம்பி சொன்னது சரி. பீட்டா சிமெண்டைத் தாண்டி வராது, தாண்டி வருவது காமாதான். நல்லா அளந்திருக்கிறான், எந்தக் காலேஜ் என்று பிறகு சொல்லுங்கள்.

இந்த மாதிரி இடங்கள் உலகத்தில் புதிது இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வெல்ஸ்பாக் மேண்டில் தொழிற்சாலைக் கழிவு பக்கத்து வீட்டு மனைகளுக்கெல்லாம் நிரப்பு மண்ணாகப் போய், கேம்டன், குளோஸ்டர் சிட்டி இரண்டையும் 1996-இல் அவர்களுடைய அபாய இடப் பட்டியலில் சேர்த்து வருஷக்கணக்காகத் தோண்டினார்கள். சிகாகோவில் லிண்ட்சே லைட் என்ற மேண்டில் கம்பெனி இருந்த பேட்டையில் இன்றைக்கும் தெருவைத் தோண்டினால் கதிரியக்கம் பார்த்துக்கொண்டேதான் தோண்டுவார்கள். மேற்கு சிகாகோவில் ஆலைக் கழிவு மணலை ஜனங்களே ஆசையாக வாங்கித் தோட்டத்தில் நிரப்பிக்கொண்டார்கள். ஒரு மனைக்குள் முடிந்திருக்க வேண்டிய சமாசாரம் பல மனைக்குப் போனது, யாரோ அள்ளிக்கொண்டு போனதால்.

உங்கள் பெரியப்பா கிணற்றைத் தூர்த்து மேலே சிமெண்ட் பூசியது தெரியாமல் செய்த நல்ல காரியம். அதே கிணற்று மேல் பில்டர் பைல் இறக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் மேலே வரும்.

அடுத்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். தலைமையகம் மும்பை, தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், கதிரியக்கம் அவர்கள் பார்க்கிற விஷயம் இல்லை. கடிதத்தில் கதை வேண்டாம். இடம், பட்டறை இருந்த வருஷம், அளந்த கட்ட வரைபடம், என்ன கருவி, டின் விவரம், பாட்டி சொன்னது, கட்டப்போகும் தேதி. இயற்கைத் தோரியத்துக்குக் கிராமுக்கு 1 பெக்குரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவது) என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் விலக்கு அளவு. உங்கள் கிணற்று மண் அதற்கு மேலேயா கீழேயா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும், அதைப் பொறுத்துத்தான் அள்ளுவதா, அப்படியே விட்டு மேலே பூசி வைப்பதா என்ற முடிவு.

பச்சைமிளகாய்:

எல்லாம் சரி சார், எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வந்து நாடா கட்டிவிட்டுப் போய், இடம் பத்து வருஷம் கிடப்பில் கிடந்தால்? ஒன்றரை கிரவுண்டு சார், ஓட்டேரியில்! நீங்கள் பணம் கொடுப்பீர்களா? நான் சித்தப்பா கட்சிதான்.

வக்கீல் சார்:

பணக் கணக்கே பார்ப்போம். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை சொத்தில் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்றால் மோசடி என்றே சட்டம் சொல்கிறது. ஜாயிண்ட் வென்ச்சரில் நீங்கள் வெறும் நில உரிமையாளர் இல்லை, பிளாட் வாங்கும் ஒவ்வொருவருக்கும் யு.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எழுதிக் கொடுக்கும் விற்பனையாளர். வில்லங்கச் சான்றில் கதிரியக்கம் வராது, அதனால் யாருக்கும் தெரியாது என்று சித்தப்பா நினைக்கலாம். ஆனால் இனிமேல் "எனக்குத் தெரியாது" என்று அவர் எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது. அத்தை பையன் கட்டம் போட்டாயிற்று, எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், இந்த இழையைப் படித்த அத்தனை பேருக்கும் தெரியும். பிளாட் வாங்கியவர் வீட்டுப் பிள்ளை நாளைக்கு அதே மாதிரி ஒரு கௌண்டரோடு பார்க்கிங்கில் நின்றால்?

எழுதிக் கொடுத்துச் சுத்தம் செய்து, அளந்த அறிக்கையைப் பத்திரத்தோடு இணைத்தால் அது உங்களுக்குக் கவசம். பதில் தாமதமானால் பத்து ரூபாயில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம், அந்தப் பட்டறைக்கு எப்போதாவது அனுமதி கொடுத்திருந்தார்களா என்பதையும் அதிலேயே கேளுங்கள். பில்டருக்கு இன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஓட்டேரிக்காரன்:

கடிதம் போய்விட்டது. பதிலும் வந்தது, ஆட்கள் வந்து பார்ப்பதாகவும் அதுவரை ஷெட்டை இடிக்க வேண்டாம் என்றும். பில்டர் முதலில் குதித்தார், வக்கீல் சார் எழுதினதை அவருடைய வக்கீலே படித்துவிட்டு அடங்கிவிட்டார். முன்வீட்டுப் பக்கம் மட்டும் முதலில் ஆரம்பித்து, பின்பகுதி வரைபடத்தை மாற்றலாமா என்று பார்க்கிறார்கள். கிணறு இருக்கிற இடம் திறந்தவெளியாகவே விடும்படி வரும்போல. சித்தப்பா பேசுவதில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். யு.டி.எஸ். என்ற வார்த்தைதான் வேலை செய்தது.

தனிச்செய்தியில் மேண்டில் பெட்டிக்கு விலை கேட்கிற நண்பர்களுக்கு: விற்பதற்கில்லை.

சைட் இன்ஜினியர்:

போர்வெல் எங்கே போடப் போகிறீர்கள்? பழைய கிணற்றுப் பக்கம் வேண்டாம். ஏற்கெனவே போர்வெல் இருந்தால் தண்ணீரையும் பார்த்துவிடுங்கள்.

கல்பாக்கம் ரிட்டயர்டு:

ஆமாம். தோரியம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் வாரிசு ரேடியம் கொஞ்சம் நகரும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் மொத்த ஆல்பா லிட்டருக்கு 0.1 பெக்குரல், மொத்த பீட்டா 1 பெக்குரல் வரை. வருகிறவர்களிடம் மண் மாதிரியோடு தண்ணீர் மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள், அவர்களாக எடுக்காவிட்டாலும் கேளுங்கள்.

அடுத்த தெரு:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீடு உங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம். 1978-இல் மனையை உயர்த்தும்போது மேண்டில் கம்பெனியிலிருந்து பத்து வண்டி மண் இனாமாகக் கொடுத்தார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தக் கௌண்டரை ஒரு தடவை கொண்டுவர முடியுமா?

ஓட்டேரிக்காரன்:

சார், ஞாயிறு காலை தம்பியோடு வருகிறேன். அதுவரைக்கும் எதையும் தோண்ட வேண்டாம். அப்பாவிடம் எந்தப் பக்கம் கொட்டினார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.